மன்றச் சுவரிலிருந்து குறிச்சொல்வரை: ஊடகத் தள மாற்றங்களும் தமிழ்த் திரை ரசிகர் உரையாடலின் ஆழமும் – மதுரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரை ரசிகர்களின் உரையாடல் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக மன்றம், அச்சிதழ், மின்னஞ்சல் குழுமம், இணைய விவாத மேடை, குறுஞ்செய்தித் தளம், காணொலி எனக் களம் மாறி வந்துள்ளது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் 'முன்பிருந்த ஆழம் போய்விட்டது' என்னும் குறை எழுந்துள்ளது. அக்குறை எந்த அளவுக்கு உண்மை என்பதை இக்கட்டுரை மதுரை நகரையும், அதன் தென்மேற்குப் பகுதியான பழங்காநத்தத்தையும் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு ஆராய்கிறது. உரையாடலின் ஆழத்தை எழுத்தெண்ணிக்கையைக் காட்டிலும், பேசியவர் தம் சொல்லை அதே மனிதர்முன் மீண்டும் எதிர்கொள்ள நேரும் சூழலே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ரசிகர் மன்றம், மதுரை, மின்னஞ்சல் குழுமம், சமூக ஊடகம், குறிச்சொல், எண்மக் காப்பகம்.

ஆழம் என்னும் அளவுகோல்

சமூக ஊடகங்கள் பெருகியபின் ரசிகர் பேச்சு மேலோட்டமாகிவிட்டது என்னும் கருத்து இன்று பொதுப்புத்தியாகவே நிலைபெற்றுவிட்டது. மேலை நாடுகளிலும் இதே குறை கேட்கிறது. லைவ்ஜர்னல் தளத்தில் மறுமொழிக்கு மறுமொழியாக நீண்ட விவாதங்கள் டம்ப்ளர் தளத்துக்குப் பெயர்ந்தபோது சிதறிப் போயின என்றும், 2018 டிசம்பரில் டம்ப்ளர் தன் உள்ளடக்க விதிகளை மாற்றியபோது அங்கிருந்த குழுக்களும் கலைந்தன என்றும் அந்நாட்டு ரசிகர்கள் வருந்துகின்றனர். ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட நூல் அமெரிக்க ரசிகர்களைப் பொருள்கொள்ளும் வாசகர்களாகவும் புதுக்கதை படைப்போராகவும் காட்டியது. அதன்பின் ரசிகர் ஆய்வு பெரும்பாலும் அத்தடத்திலேயே நடந்து வருகிறது.

அச்சட்டகத்தைத் தமிழ்ச் சூழலில் அப்படியே பொருத்த இயலாது. தமிழ் ரசிகர் திரையரங்க வாசலிலும் தெருமுனையிலும் தேர்தல் களத்திலும் உருவானவர். அவருடைய உரையாடலின் ஆழத்தைப் படைப்பிலக்கியத் திறனாய்வின் அளவுகோலால் மட்டும் அளந்தால் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடும். எனவே இங்கு ஆழம் என்பது நான்கு கூறுகளின் சேர்க்கையாகக் கொள்ளப்படுகிறது. ஒரு கூற்றுக்குச் சான்று காட்டும் வழக்கம், முன்பு பேசப்பட்டதை நினைவில் வைத்துத் தொடர்தல், மாற்றுக் கருத்தாளர் அக்களத்திலேயே நீடித்திருக்க இடமிருத்தல், விடையளிக்குமுன் சிந்திக்கக் கிடைக்கும் கால அவகாசம் ஆகியவை அவை. எந்தக் களமும் இந்நான்கையும் ஒருசேர வழங்கியதில்லை.

பழங்காநத்தமும் மதுரைச் சுவர்களும்

திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் அமைந்த பழங்காநத்தம், ஜெய்ஹிந்துபுரத்துக்கும் டி.வி.எஸ். நகருக்கும் அண்மையிலுள்ள பகுதி. 1990களின் இறுதியில் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் செயற்படத் தொடங்கும்வரை, திருநெல்வேலி, நாகர்கோவில் முதலிய தென்மாவட்ட ஊர்களுக்குச் செல்லும் பேருந்துகள் பழங்காநத்தத்திலிருந்து புறப்பட்டன. பேருந்து நிலையம் இருக்கும் இடத்தில் சுவரொட்டிக்கு மதிப்பு மிகுதி. உள்ளூர்க்காரர் மட்டுமன்றிப் பிற மாவட்டத்தவரும் அதைக் காண்பர். மதுரையின் சுவரொட்டிப் பண்பாடு தமிழகமெங்கும் அறியப்பட்டது. அதன் இலக்கணம் மட்டும் போதிய கவனம் பெறவில்லை. நடிகரின் படம் மேலே, மன்றப் பொறுப்பாளர்களின் பெயரும் சிறுபடங்களும் கீழே, இறுதியில் பகுதியின் பெயர் என்பது அதன் பொது அமைப்பு. சுவரில் ஏறிய சொல்லுக்கு ஒரு முகவரி இருந்தது. மறுநாள் யாரேனும் வந்து கேட்டால் விடை சொல்ல ஆளும் இருந்தார். (பின்னாளில் ஃபேஸ்புக் தன் பயனர் பக்கத்துக்குச் 'சுவர்' என்றே பெயரிட்டது. மதுரைக்காரருக்கு அது புதிதாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை.)

மதுரை ரசிகர் மன்றங்களைக் குறித்த அடிப்படை ஆய்வு சாரா டிக்கி உடையது. 1980களின் நடுப்பகுதியில் மதுரையில் கள ஆய்வு செய்து அவர் எழுதிய நூல் 1993இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. நகர்ப்புற ஏழை மக்களின் வாழ்வில் திரைப்படம் பெற்ற இடத்தை அந்நூல் விரிவாகக் காட்டுகிறது. மன்றத்தினர் பெரும்பாலும் இளம் ஆண்கள். படத்தைக் கொண்டாடுவதோடு நற்பணிகளும் செய்து தம் பகுதியில் மதிப்புத் தேடிக்கொண்டவர்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 1992ஆம் ஆண்டு நூல் எம்.ஜி.ஆர். பிம்பம் அடித்தள மக்களை எவ்வாறு பிணைத்தது என்னும் கேள்வியை எழுப்பியது. இவ்விரு நூல்களுக்கும் முன்பே கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்திருந்தார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே நிகழ்வைக் கண்ட முதல் கலைக்களம் திரையரங்கமே என்பது அக்கருத்து. 1952 தீபாவளியன்று 'பராசக்தி' படத்துடன் திறக்கப்பட்டதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளைக் கொண்டதுமான மதுரைத் தங்கம் திரையரங்கை எண்ணிப் பார்த்தால் சிவத்தம்பியின் கூற்று கண்முன் உருப்பெறும்.

மன்றத்தின் உரையாடல் எத்தகையது? கலை நுணுக்கத்தைப் பொறுத்தவரை அதை ஆழமானது எனக் கூற இயலாது. தம் நாயகனைக் குறைகூறும் உரிமை மன்றத்தினுள் எவருக்கும் இல்லை. பெண்களுக்கு அங்கு இடமே இல்லை எனலாம். ஆனால் சொல்லின் நினைவும் பொறுப்பும் வலுவாக இருந்தன. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி தொடங்கியபோது மன்றக் கிளைகள் பல கட்சிக் கிளைகளாக மாறின. 1973 மே மாதம் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளிவரவிருந்த வேளையில், மதுரை மேயராக இருந்த மதுரை முத்து, அப்படம் ஓடினால் தாம் சேலை கட்டிக்கொள்வதாக அறைகூவல் விடுத்தார் என்பது இன்றளவும் நினைவுகூரப்படும் செய்தி. படம் வெற்றி பெற்றது. அதே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் புதிய கட்சி வென்றது. 1980இல் எம்.ஜி.ஆர். மதுரை மேற்குத் தொகுதியிலிருந்தே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசியல் விளைவுகளைவிட இங்கு நோக்கத்தக்கது, மேடையில் சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்தைச் சொன்னவர் தம் ஊரிலேயே திரும்ப எதிர்கொள்ள நேர்ந்தது என்பதே. எந்த ஆவணக் காப்பகமும் அவ்வாக்கியத்தைச் சேமிக்க வேண்டியிருக்கவில்லை. ஊரே சேமித்தது.

அச்சிதழ்கள் இதே காலத்தில் இணையாக இயங்கின. 1940களில் தோன்றிய 'பேசும் படம்', 'குண்டூசி', 1966இல் தொடங்கிய 'பொம்மை' ஆகியவை வாசகர் கடிதத்துக்கும் கேள்வி–பதிலுக்கும் இடமளித்தன. சின்ன அண்ணாமலையின் 'சிவாஜி ரசிகன்' போன்றவை மன்றத்தின் நீட்சியாக வெளிவந்தன. ஒரு கேள்விக்கு விடை காண அடுத்த இதழ்வரை காத்திருக்க வேண்டும். அவகாசம் இருந்தது, ஆனால் எவருடைய கடிதம் அச்சேறும் என்பதைத் தீர்மானித்தவர் ஆசிரியர் ஒருவரே.

மின்னஞ்சல் குழுமம்: நீளமும் அதன் விலையும்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதற்கு முன்பே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயின்ற தமிழ் மாணவர்கள் யூஸ்நெட் செய்திக் குழுக்களில் திரையிசை குறித்து விவாதித்து வந்தனர். 1990களின் பிற்பகுதியில் தமிழ்த் திரையிசைக்கெனத் தனி விவாதப் பக்கங்கள் தோன்றின. இளையராஜாவுக்கும் ஏ.ஆர்.ரகுமானுக்கும் யாஹூ குழுமங்கள் அமைந்தன.

இவற்றுள் 1999இல் உருவான ஏ.ஆர்.ரகுமான் ரசிகர் குழுமம் அஸ்வின் புனதாம்பேக்கரின் 2007ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பொருளாயிற்று. இந்திய ரசிகர் என்றதும் கட்-அவுட்டுக்குப் பாலூற்றும் இளைஞர் கூட்டத்தை மட்டும் எண்ணும் போக்கையும், அதற்கு மறுதலையாகச் செவ்வியல் இசை கேட்கும் 'ரசிக'ரை மட்டும் எண்ணும் போக்கையும் அக்கட்டுரை கேள்விக்குட்படுத்தியது. பல நாடுகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் பாடல் வரிகளை மொழிபெயர்த்தனர். இசைக்கருவிகளை அடையாளம் கண்டனர். திருட்டுப் பதிவிறக்கத்துக்கு எதிராகப் பேசினர். தம்மை மன்றத்தாரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுவதிலும் அவர்கள் அக்கறை கொண்டிருந்தனர்.

மேற்சொன்ன நான்கு கூறுகளையும் இக்குழுமங்களில் தேடினால் மூன்று தெளிவாகக் கிடைக்கும். கவிக்குயில் (1977) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாடல் ரீதிகௌளை இராகத்தில் அமைந்தது என்று ஒருவர் எழுதினால், அதே இராகம் இளையராஜாவின் பிற பாடல்களில் எவ்வாறு திரிந்து வருகிறது என மற்றொருவர் சுர வரிசையுடன் மறுமொழி எழுதுவார். மின்னஞ்சலில் எழுத்துக்கு எல்லை இல்லை. உடனே விடையளிக்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. பழைய மடல்கள் குழுமத்தின் காப்பகத்தில் கிடந்தன. புதிதாக வந்து பழைய கேள்வியையே எழுப்புபவரை 'முதலில் காப்பகத்தைப் படியுங்கள்' என்று மூத்தோர் திருப்பியனுப்பினர். மட்டுறுத்துநர் ஒருவர் வரம்பு மீறியோரை அடக்கினார். பேசுவோர் தொகை சிறியது. நேற்று எதிர்த்து எழுதியவருக்கே இன்று நன்றி சொல்ல வேண்டி வரும்.

இவ்வாழத்துக்கு ஒரு விலை இருந்தது. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் அவர் பிறந்த காலத்தில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. அவருடைய இசையின் ஊற்றுக்கண் மதுரைச் சமவெளியையும் அதன் மேற்கு மலையடிவாரத்தையும் சார்ந்தது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் அவ்விசையைப் பற்றிய மிக நுட்பமான எழுத்துரையாடல் ஆங்கிலத்தில், கணினியும் இணைப்பும் வாய்த்த பொறியாளர்களிடையே நடந்தது. நாட்டார் இசை மரபைக் குடும்பத்தின்வழி அறிந்த மதுரைப் பகுதி ரசிகர், நையாண்டி மேளத்தின் நடையைக் கேட்டமாத்திரத்தில் இனங்காணக் கூடியவர், அக்குழுமத்தில் இல்லை. பிரவுசிங் சென்டரில் மணிக் கணக்குக்குப் பணம் கொடுத்து அமர்ந்தவரும் ஆங்கிலத்தில் நான்கு பத்தி எழுதத் துணியவில்லை. 2001ஆம் ஆண்டு தொடங்கி மேலூர் வட்டாரத்தில் கிராமப்புற இணைய மையங்கள் நிறுவப்பட்டபோதும் அவற்றின் நோக்கம் வேளாண்மை, கல்வி, அரசுச் சேவை என்றே வகுக்கப்பட்டது. திரை ரசனைக்கான உரையாடல் வளர்ச்சித் திட்டத்தின் கணக்கில் வராது அல்லவா?

மாற்றுக் கருத்தாளர் நீடித்திருக்க இடமிருந்ததா என்னும் நான்காவது கூறு இங்கேதான் இடறுகிறது. குழுமத்தினுள் மாறுபட்டோர் நீடித்தனர். ஆனால் மாறுபட்ட சமூகப் பின்னணியினர் நுழையவே இல்லை. ஒரே கல்வியும் ஒரே தொழிலும் கொண்டோர் தமக்குள் கொள்ளும் மாறுபாடு எவ்வளவு நாகரிகமாக இருந்தாலும் அதன் வீச்சு குறுகியதே.

தமிழில் இழை பின்னியோர்

நிலைமையைச் சற்று மாற்றியது தமிழ் எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் குறியாக்கத்தையும் தரப்படுத்த முயன்றது. திஸ்கி, தாப், தாம் எனப் பலவாகக் கிடந்த குறியாக்கங்கள் அடுத்த சில ஆண்டுகளில் ஒருங்குறிக்கு வழிவிட்டன. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் வீட்டுக் கணினியில் தமிழ் எழுதுவதை எளிதாக்கின. 2005இல் பி.எஸ்.என்.எல். அகலக்கற்றைச் சேவை பரவத் தொடங்கியது.

இக்கால விளைச்சல்களுள் ஆய்வாளர் கண்ணில் அதிகம் படாதது, மய்யம் இணைய விவாத மேடையில் சிவாஜி ரசிகர்களும் எம்.ஜி.ஆர். ரசிகர்களும் தனித்தனியே பல பாகங்களாக வளர்த்த நீண்ட இழைகள். பங்கேற்றோருள் பலர் நடுவயதைக் கடந்தவர்கள். 1960களிலும் 1970களிலும் மன்றங்களில் இயங்கியவர்கள். எந்தப் படம் மதுரையில் எந்தத் திரையரங்கில் எத்தனை நாள் ஓடியது, எத்தனை காட்சிகள் தொடர்ந்து அரங்கு நிறைந்தன என்பவையே அவர்களுடைய தீராத வழக்கு. சென்ட்ரல், ஸ்ரீதேவி, சிந்தாமணி, நியூ சினிமா, தங்கம் என மதுரைத் திரையரங்கப் பெயர்கள் அவ்விழைகளில் சாட்சிகளைப்போல் அழைக்கப்பட்டன. சோழவந்தானைக் கதைக்களமாகக் கொண்ட 'பட்டிக்காடா பட்டணமா' (1972) போன்ற படத்துக்கு மதுரையில் கிடைத்த வரவேற்பை ஒருவர் எழுதினால், எதிரணியினர் சான்று கேட்பர். உடனே பழைய நாளிதழ் விளம்பரம் ஒன்று வருடி எடுத்து ஒட்டப்படும்.

இதனை வெறும் எண் சண்டை என ஒதுக்குதல் பிழை. மதுரையில் படங்கள் திரையிடப்பட்ட வரலாற்றை எழுத முனைவோருக்குத் திரையரங்கக் கணக்கேடுகள் கிடைப்பது அரிது. நாளிதழ் விளம்பரத்தைத் தேதியுடன் பாதுகாத்துப் பொதுவில் வைத்தவர்கள் இந்த ரசிகர்களே. விளம்பரம் என்பது வெளியீட்டாளரின் உரிமைகோரலேயன்றி நடுநிலைச் சான்றன்று. ஓடாத படத்தை ஓட்டிக் காட்டிய கதைகளும் உண்டு. அதையும் எதிரணி ரசிகரே சுட்டிக்காட்டினார் என்பதுதான் சுவை. சான்று, சான்றின் மீதான ஐயம், ஐயத்துக்கு விடை என்ற முறையை எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்காமலேயே அவர்கள் கைக்கொண்டனர். மன்றக் காலத்தில் மதுரைத் தெருவில் அடிதடியாக முடிந்திருக்கக் கூடிய வழக்கு இங்கு ஆவண வழக்காக உருமாறியது. இணையத் தமிழில் ரசிகர் உரையாடல் எட்டிய உச்சங்களுள் ஒன்றாக இதைக் கொள்ளத் தடையில்லை.

ஆர்குட் (2004–2014) இதற்கு இணையாக இளைஞரை ஈர்த்தது. அங்கும் குழுக்களும் தலைப்புவாரியான இழைகளும் இருந்தமையால் பழைய விவாத வடிவம் ஓரளவு தொடர்ந்தது. ஃபேஸ்புக்குக்கு இடம்பெயர்ந்தபோது வடிவம் மாறியது. இழையின் தலைப்பு பின்னுக்குச் சென்று, எழுதியவரின் முகம் முன்னுக்கு வந்தது. நீள் கட்டுரைக்கென ஃபேஸ்புக் வழங்கிய 'நோட்ஸ்' வசதியும் 2020 அக்டோபர் இறுதியில் நிறுத்தப்பட்டது.

எண்ணிக்கையின் ஆட்சி

2011 ஏப்ரல் 29 அன்று நடிகர் அஜித்குமார் தம் ரசிகர் மன்றங்களைக் கலைப்பதாக அறிவித்தார். தமிழ்த் திரை வரலாற்றில் இவ்வறிவிப்பு நடிகரின் தனிப்பட்ட முடிவாக மட்டுமே பெரும்பாலும் பேசப்படுகிறது. உரையாடல் வரலாற்றை நோக்குவோருக்கு அது ஒரு திருப்புமுனை. மன்றம் கலைந்தது, ரசிகர் கலையவில்லை. கிளை, பொறுப்பாளர், பதிவு எண், பகுதிப் பெயர் ஆகிய எவையுமற்ற ஒரு பெருந்திரள் ட்விட்டரில் திரண்டது. முகவரியற்ற சுவரொட்டி என அதைச் சொல்லலாம். எதிர்ப்புறத்தில், 2009இல் மக்கள் இயக்கமாக அமைப்பு வடிவம் பெற்ற விஜய் ரசிகர்கள் தெருவிலும் திரையிலும் ஒருசேர இயங்கினர். அமைப்புடையோர், அமைப்பற்றோர் எனும் வேறுபாடு ட்விட்டரில் மறைந்துவிட்டது என்பதே வியப்பு. இரு தரப்பின் மொழியும் விரைவிலேயே ஒன்றுபோல் ஆயிற்று.

140 எழுத்து எல்லைதான் காரணம் எனச் சொல்லப்படுவதுண்டு. தமிழில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அவ்வெல்லை மேலும் இறுகியது என்பது உண்மை. ஆனால் 2017 நவம்பரில் எல்லை 280ஆக உயர்ந்தபின் விவாதம் இருமடங்கு ஆழமாகிவிடவில்லை. இருவரியில் உலகளந்த மரபு தமிழுக்கு உண்டு. குறுமையை மட்டும் குற்றவாளியாக்குதல் நியாயமன்று. மாற்றத்தை உண்டாக்கியது எண்ணிக்கை. விருப்பக்குறி, மறுபகிர்வு, குறிச்சொல்லின் தரவரிசை ஆகியவை உரையாடலின் பக்கவிளைவாக இருந்த நிலை மாறி, அதன் நோக்கமே ஆயின. குறிச்சொல்லை முன்னணிக்குக் கொண்டுவர ஒரே வாசகத்தைப் பலமுறை இடுவதே சிறந்த உத்தி. புதிதாக ஒன்றைச் சொல்வதைவிடச் சொன்னதையே சொல்வதற்குப் பரிசு கிடைக்கும் களத்தில் ஆழம் எங்ஙனம் விளையும்?

2019ஆம் ஆண்டு இதற்குத் தெளிவான சான்று. தேனி வட்டாரத்தைக் களமாகக் கொண்ட 'விஸ்வாசம்' அவ்வாண்டு ஜனவரி 10 அன்று வெளிவந்தது. அவ்வாண்டின் முதற்பாதியில் இந்தியாவில் மிகுதியாகப் பயன்படுத்தப்பட்ட குறிச்சொல் அப்படத்தின் பெயரே எனவும், மக்களவைத் தேர்தல் அதற்கு அடுத்த நிலையிலேயே வந்தது எனவும் ட்விட்டர் நிறுவனம் அறிவித்தது. தேனி–மதுரை வட்டார வழக்கு, ஊர்த் திருவிழா, தந்தை–மகள் உறவு என அப்படம் குறித்துப் பேசப் பொருள் நிரம்ப இருந்தது. அத்தகைய பேச்சு ஒரு தேர்தலை விஞ்சும் எண்ணிக்கைக்குத் தேவைப்படவில்லை. அதே ஆண்டு ஜூலை இறுதியில் நடிகர் விஜய்க்கு இரங்கல் தெரிவிப்பதுபோன்ற பொய்க் குறிச்சொல் ஒன்று இந்திய அளவில் முன்னணிக்கு வந்தது. உயிரோடிருப்பவருக்கு இரங்கல் ஒட்டிய சுவரொட்டி பழங்காநத்தத்தில் ஒட்டப்பட்டிருந்தால், அதன்கீழ் பெயரிட எவரும் துணிந்திருக்கமாட்டார்.

இங்கு இக்கட்டுரையின் கருதுகோளுக்கு ஒரு தடை எழும். ட்விட்டரிலும் பழைய பதிவுகள் தேடக் கிடைக்கின்றன. பல ஆண்டுக்கு முந்தைய சொல் திரைப்பிடிப்பாகத் திரும்பி வருகிறது. ஆகவே சொன்னவர் தம் சொல்லை மீண்டும் எதிர்கொள்ளவே செய்கிறார் அல்லவா எனலாம். எதிர்கொள்கிறார், ஆனால் அவர் அறியாத கூட்டத்தின்முன், சூழல் துண்டிக்கப்பட்ட நிலையில். மன்றத்திலும் குழுமத்திலும் பழைய சொல்லை நினைவூட்டியவர் மறுநாளும் அங்கிருந்தார். அவருக்கும் ஒரு பழைய சொல் இருந்தது. அந்த ஈரிணைப் பொறுப்பு இல்லாதவிடத்து நினைவு வெறும் ஆயுதமாகிறது. நினைவு இருந்தால் மட்டும் ஆழம் வந்துவிடாது. நினைவைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு நிலையான குழுவும் வேண்டும்.

வீழ்ச்சியாக மட்டும் இதனைப் படிப்பதும் சரியன்று. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையத் தரவின் விலை சரிந்தது. மின்னஞ்சல் குழுமத்துக்குள் நுழைய முடியாதிருந்தோர், மன்றத்தில் இடமேயற்றிருந்த பெண்கள் உட்பட, முதன்முறையாகப் பொதுவெளியில் திரைப்படம் குறித்துப் பேசினர். 'மதுரைப் படம்' என்றாலே அரிவாள் என ஆகிவிட்டதை, சாதிப் பெருமித வசனங்களை, பெண் பாத்திரங்களின் சித்திரிப்பைக் கேள்வி கேட்ட குரல்கள் இக்களத்தில்தான் பரவலாக ஒலித்தன. அவை பெரும்பாலும் துண்டு துண்டானவை, வசைக்கு ஆளானவை. எனினும் முந்தைய இரு களங்களின் அமைதி எவரை வெளியே நிறுத்திப் பெறப்பட்டது என்பதை அவை உணர்த்திவிட்டன.

குரலுக்குத் திரும்புதல்

2021 மே மாதம், பெருந்தொற்று ஊரடங்கின்போது, கிளப்ஹவுஸ் செயலி ஆண்ட்ராய்டு பேசிகளுக்கு வந்தது. இரவு முழுவதும் நீண்ட தமிழ் அறைகளில் இளையராஜா இசை முதல் பழைய திரையரங்க நினைவுகள்வரை பேசப்பட்டன. தேநீர்க் கடைப் பேச்சு எண்மத்துக்கு வந்தது எனலாம். நீளம் திரும்பியது, அவகாசம் திரும்பியது, ஆங்கிலத் தடை அகன்றது. ஊரடங்கு தளர்ந்ததும் அறைகளும் வெறிச்சோடின. பதிவாகாத பேச்சு பேசியவரோடு சென்றது.

யூடியூப் வேறொரு வகை. முதல் நாள் முதல் காட்சி முடிந்து வெளியே வருபவரின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கி நீட்டப்படுகிறது. படம் முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகாத நிலையில் கருத்துக் கேட்கப்படுகிறது. மாதம் ஒருமுறை வந்த 'பேசும் படம்' இதழுக்குக் கடிதம் எழுதியவருடன் இவரை ஒப்பிட்டால், திரைப்படத்துக்கும் கருத்துக்கும் இடையிலான கால இடைவெளி எவ்வாறு சுருங்கியுள்ளது என்பது விளங்கும். இச்சுருக்கம் வணிகத்தையும் தாக்கியது. 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம், திரையரங்க வளாகத்தினுள் யூடியூபர்கள் கருத்துப் பதிவு செய்வதை அனுமதிக்க வேண்டா எனத் திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனம் கூடாது என்னும் கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது; நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க இசையவில்லை. கருத்துரிமை நோக்கில் அம்முடிவு சரியானதே. ஆனால் தயாரிப்பாளரின் கோரிக்கைக்குள் அவரும் அறியாத ஓர் உண்மை ஒளிந்திருந்தது: கருத்துக்கு மூன்று நாள் அவகாசம் என்பது ஒருகாலத்தில் இயல்பாகவே இருந்த ஒன்று.

எஞ்சியவையும் எஞ்சாதவையும்

தங்கம் திரையரங்கம் இன்று இல்லை. இடிக்கப்பட்ட திரையரங்கைப் பற்றிய நினைவுகள் இணைய இழைகளில் ஏறின. அவ்விழைகள் தங்கிய தளங்களும் நிலையானவையல்ல. ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மறைந்தது. யாஹூ நிறுவனம் 2019 அக்டோபரில் தன் குழுமங்களின் உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. பயனர்கள் தம் தரவைப் பெற 2020 ஜனவரி இறுதிவரை மட்டுமே காலம் தரப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று சேவையே நின்றது. உலகளவில் தன்னார்வக் காப்பகக் குழுக்களும் மேலை ரசிகர் அமைப்புகளும் தம்மால் இயன்றவற்றை மீட்டன. தமிழ்க் குழுமங்களைப் பொறுத்தவரை, உறுப்பினர் எவரேனும் தம் அஞ்சற்பெட்டியில் மடல்களை அழிக்காமல் வைத்திருந்தால் உண்டு.

அச்சுக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களையும் திரை இதழ்களையும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இன்றும் காணலாம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் ஆயுள் முழுதும் சேர்த்தவை அங்கு நிறுவனக் காப்பாகத் தொடர்கின்றன. மன்றச் சுவரொட்டிகளும் அறிக்கைகளும் ஓரளவேனும் தனியார் பெட்டிகளில் கிடக்கின்றன. 1995க்கும் 2015க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளின் தமிழ் ரசிகர் உரையாடல் மட்டும் இவ்விரண்டிலும் அடங்காமல் நிற்கிறது. திரைப்படம், இதழியல், தமிழிணையம் ஆகிய துறைகளில் ஆய்வு நடத்தும் தமிழகப் பல்கலைக்கழகங்கள் அம்மடல்களை வைத்திருப்போரிடம் இசைவு பெற்று, தனிமனித அடையாளங்களை நீக்கித் தொகுக்க இயலும். அவற்றை எழுதியோர் இன்னும் வாழ்கின்றனர். மய்யம் இழைகளில் மதுரைத் திரையரங்குகளுக்காக வழக்காடிய மூத்த தலைமுறையில் பலர் எழுபதைக் கடந்துவிட்டனர்.